பத்துக் காசுக் குளம்

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில், நகரசபை அலுவலகத்தில் மூன்றாம் கிராணி, அதாவது குமாஸ்தா. என் இங்கிலீஷ் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயரால் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது. ஆயர் ஈத்தாம் போகும் வழியில், மலையிலிருந்து இறங்கும் ஓடையை மறித்துச் சிமெண்டுச் சுவர் எழுப்பி, ஊர் ஜனங்கள் நீந்திக் குளிக்க ஒரு குளம் கட்டினார்கள். அதற்கு இவ்வளவு கட்டணம் என்று முதலில் எழுதியவன் நான்தான். கொஞ்ச காலம் இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டேன்.

வேலை தொடங்குவதற்கு முன் எங்கள் துரை என்னைக் கூப்பிட்டார். அந்த ஓடையை இப்போது யார் யார், எந்த நேரத்தில், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு வாரம் போய்ப் பார்த்துக் குறிப்பு எழுதச் சொன்னார். என்ன கட்டணம் வைக்கலாம் என்று என் யோசனையையும் சேர்க்கலாம் என்றார். கிராணியிடம் யோசனை கேட்கிற துரையை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை. மறுநாள் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கரையில் ஒரு கொய்யா மரத்தடியில் உட்கார்ந்து பென்சிலால் எழுதினேன். காலையில் சீனத் தோட்டக்காரர்கள் வந்து கீரைக் கட்டுகளை அலசினார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் மலாய்ப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் பாறையிலிருந்து குதித்தார்கள். புதன்கிழமை மத்தியானம் சுடுகாட்டிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. சிதைக்குத் தீ வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்து, இடுப்பளவுத் தண்ணீரில் மூன்று முறை முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு வீட்டுக்குப் போனார்கள். வெள்ளிக்கிழமை இன்னொரு கூட்டம் வந்தது. இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

நல்ல பிரதி எடுக்கும்போது அந்த இரண்டு வரிகளையும் விட்டுவிட்டேன். பிணம் எரித்தவர்கள் குளிக்கிற இடம் என்று தெரிந்தால் நகரசபைக் கமிட்டியில் யாராவது மூக்கைப் பிடிப்பார்கள், நோய் பரவும் என்பார்கள், தமிழர்களையே உள்ளே விடாதே என்று சொல்லிவிடுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அந்த வரியைத் துரையின் மேசையில் வைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு இங்கிலீஷில் எழுதுகிறவன், நம் ஜனம் தீட்டுக் கழிக்கிறதைப் போய் அங்கே ஏன் எழுத வேண்டும்? கொஞ்சம் கீழே போய்க் குளித்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். குளத்துக்குக் கீழே ஓடையை மூடிய வாய்க்காலுக்குள் விடப்போகிறார்கள் என்பது வரைபடத்தில் இருந்தது. அந்த வரைபடத்தை மடித்து உறையில் போட்டவனும் நான்தான்.

கமிட்டியில் சிலர் கால் வெள்ளி, இருபத்தைந்து காசு, வைக்கச் சொன்னார்களாம். அப்போதுதான் கண்டவனெல்லாம் வரமாட்டான் என்பது அவர்கள் கணக்கு. துரைக்கு இலவசமாகவே விட ஆசை. நான் இரண்டுக்கும் நடுவில், பெரியவர்களுக்குப் பத்துக் காசு, பிள்ளைகளுக்கு மூன்று காசு என்று எழுதியிருந்தேன். காசு கொடுத்து வருகிறவன்தான் தண்ணீரை அசுத்தம் செய்யாமல் மதித்து நடப்பான் என்று ஒரு வாக்கியமும் போட்டிருந்தேன். கமிட்டிக்கு அந்த வாக்கியம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. கட்டணப் பலகையில் தமிழில் எழுதுகிற பொறுப்பும் எனக்கே கிடைத்தது. பத்துக் காசு எனக்கு அப்போது ஒரு தொகையாகவே தெரியவில்லை.

எங்கள் அலுவலகத்துப் பியூன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதிகம் பேசாதவர். நகரசபைக் கூலி லயத்தில் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் குடியிருந்தார். மூத்தவனுக்கு ஐந்து வயது, சின்னவள் அப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்தாள். குளம் திறந்த மறுவருஷம், மழையே இல்லாத மாசி மாதத்தில், அவருடைய மனைவி நான்கு நாள் காய்ச்சலில் இறந்துபோனார். அன்று ஞாயிற்றுக்கிழமை. அலுவலகத்திலிருந்து நான் ஒருவன்தான் போனேன்.

சிதைக்குத் தீ வைத்துவிட்டு ஒன்பது பேர் நடந்து வந்தோம். எல்லோரும் ஒற்றை வேட்டி, மேலே சட்டையில்லை. பியூனுக்குத் தலையும் மீசையும் மழித்திருந்தது. கால் பழகிய வழியில் போயிற்று. ஓடை இருந்த இடத்தில் இருந்தவை குளத்துச் சுவரும் கம்பிக் கதவும் என் பலகையும்தான். சுவருக்குக் கீழே ஓடைத்தடம் காய்ந்து கிடந்தது. சுடுகாட்டுக்குக் கொண்டுபோகிற சில்லறையை வெட்டியானுக்குக் கொடுத்தது போக மிச்சத்தையும் அங்கேயே போட்டுவிட்டு வருவதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். வீட்டுக்கு அதைக் கொண்டுவரக் கூடாது. ஒன்பது பேர் மடியிலும் சேர்த்து ஒரு காசு கிடையாது.

கதவில் நின்ற ஜாகா நம் ஆள். காவல் வேலையை மிகவும் கஷ்டப்பட்டு வாங்கியவன். நாளைக்குக் காலையில் தொண்ணூறு காசையும் நான் கட்டிவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவன் சங்கடத்தோடு என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“உள்ள துரை இருக்காரு ஐயா, வெள்ளக்கார விருந்தாளிங்களோட. நானா திறந்துவிட்டா நாளைக்கு வேல இல்லலா. நீங்க போயி ஒரு வார்த்த சொல்லுங்க. அவரு சரின்னா உடனே விட்டுர்றேன்.”

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. இருபது அடி நடந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் என் உடம்பைக் குனிந்து பார்த்தேன். மார்பில் வியர்வையில் குழைந்த சாம்பல், முழங்கால் வரை தூக்கிக் கட்டிய வேட்டி, வெறுங்கால். இந்தக் கோலத்தில் துரை முன்னால் போய் நின்று, நாங்கள் பிணம் எரித்துவிட்டு வருகிறோம், உங்கள் தண்ணீரில் இறங்க வேண்டும் என்று சொல்ல எனக்குக் கால் எழவில்லை. உள்ளே யாரோ தண்ணீரில் குதிக்கிற சத்தமும் சிரிப்பும் கேட்டன. பியூன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நேரமாகிறது, பிள்ளைகள் காத்திருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

ரோட்டு வளைவில் ஒரு பொதுக் குழாய் இருந்தது. லயத்துப் பெண்கள் மண்ணெண்ணெய் டின்களை வரிசையாக வைத்திருந்தார்கள். எங்களைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் டின்களை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். வெயில் காலம், தண்ணீர் நூலாக வந்தது. பியூன் குழாயடியில் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையில் பிடித்துப் பிடித்து மொட்டைத் தலையில் ஊற்றிக்கொண்டார். ஒரு தோள் நனைவதற்குள் மற்றது காய்ந்தது. நாங்கள் எட்டுப் பேரும் ரோட்டோரம் நின்றோம். அவர் எழுந்தபோது வேட்டியின் பின்பக்கம் முழுவதும் சேறாக இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பிய வாரம் நான் இன்னொரு குறிப்பு எழுதினேன். சுடுகாட்டிலிருந்து வருகிறவர்கள் முங்கிக் குளிக்க ஓர் இடம் வேண்டும், அவர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று இரண்டே பத்தி. துரை படித்தார். முகம் சிவக்கும், மூக்கைப் பிடிப்பார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் வரைபடத்தை விரித்து, சுவருக்கு வெளியே தண்ணீர் வாய்க்காலுக்குள் போகிற இடத்தில் பென்சிலால் ஒரு கட்டம் போட்டார். இங்கே ஆழமாக ஒரு தொட்டியும் நான்கு படியும் வைத்தால் போதும், கட்டும்போதே சொல்லியிருந்தால் செலவே இருந்திருக்காது என்றார். கையெழுத்துப் போட்டார். பிறகு நிமிர்ந்து, நீயும் அந்த ஜனம்தானே, முதல் குறிப்பு எழுதியபோது இது உனக்குத் தெரியாதா என்று கேட்டார்.

“தெரியாது, சார்” என்றேன்.

கோப்பு வாங்கிப் போக வந்த பியூன் கதவருகில் நின்றிருந்தார். பதினைந்து வருஷம் அந்த வாசலில் நின்றவருக்கு அவ்வளவு இங்கிலீஷ் தெரியும்.

வராந்தாவுக்கு வந்ததும் கோப்பை அவரிடம் நீட்டினேன். தொட்டி கட்டப்போகிறார்கள் என்று சொன்னேன். நல்ல காரியம் என்றார். கோப்பை வாங்கிக்கொண்டவர் உடனே போய்விடவில்லை. என்னைக் குறை சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் குரலில் கோபமே இல்லை.

“அன்னைக்குக் கொழாயில தல நனைஞ்சுச்சு ஐயா, முங்கல. தீட்டுப் போச்சா போவலயான்னு எனக்கே தெரியல. வீட்டுக்குப் போனா சின்னது ரெண்டு கையயும் நீட்டிக்கிட்டு ஓடியாந்துச்சு. எதுவும் ஒட்டிக்கிருமோன்னு நா பின்னால போயிட்டேன். பதினாறு முடியிற வரைக்கும் அதத் தூக்கவே இல்ல. அதுவும் நாலஞ்சு நாள் நீட்டிப் பாத்துட்டு, அப்பறம் நீட்டல.”

அவரிடம் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரியும் என்று சொல்லவும் வரவில்லை.