பூச்சி இல்லாத வீடு

தொண்ணூறுகளில் பெருந்துறைப் பக்கம் ஒரு வாய்க்கால் ஊரில் தனியாக வீடெடுத்துப் பூச்சி வளர்த்தேன். சிரிக்காதீர்கள், அரசுத் திட்டம்தான். கரும்பைத் துளைக்கும் புழுவுக்கு விஷம் தெளிப்பதற்குப் பதில், அதை முட்டையிலேயே தின்று தீர்க்கும் ஒரு குளவியை வளர்க்க வேண்டும். கடுகைவிடச் சிறியது. குளவி புகுந்த முட்டைகளை அட்டையில் ஒட்டிக் கொடுத்தால் விவசாயி அதைக் கரும்புத் தோகையில் கட்டிவிடுவார். கோவையில் பயிற்சி தந்தார்கள், தட்டும் கூண்டும் தந்தார்கள். பேச்சுத் துணைக்கு மட்டும் யாரையும் தரவில்லை.

குளவி பெருக அந்துப்பூச்சி முட்டை வேண்டும். அதற்காக முன்னறை முழுக்கக் கம்பு மாவில் அந்துப்பூச்சிகள். அவற்றின் சிறகுச் செதில் தூளாகப் பறந்து, வருகிறவர்களுக்கெல்லாம் தும்மல் பிடித்துக்கொள்ளும். அதனால் யாரும் வருவதில்லை. பொழுது சாய்ந்ததும் கூண்டுக்குள் படபடவென்று சத்தம் கிளம்பும். "என்னடி, இன்னிக்கு ஆட்டம் சாஸ்தியா இருக்குது?" என்று கேட்பேன். வெட்கமென்ன, தனிமை பொல்லாதது.

கோவையில் இருந்த அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டான். "பூச்சி வளக்கறதெல்லாம் ஒரு பொழப்பா அம்மணி? ஆபீசர் வந்து பாத்துட்டு அட்டை எடுத்துக்கறேன்னு சொன்னா இரு. இல்லீன்னா மூட்டையக் கட்டு."

அவன் வீட்டு மூலையில் எனக்கொரு பாய் காத்திருந்தது. கல்யாணம் வேண்டாமென்றவளுக்கு வேறென்ன இடம்?

அதிகாரி வரும் நாளன்று சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுக் காரமும் பிஸ்கட்டும் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் தெருவோரம் முழுக்கப் பிளீச்சிங் பவுடர். வாசலில் அக்கா, முகமெல்லாம் சிரிப்பு.

"ஆபீசர் வர்றாருன்னு பஞ்சாயத்துல கொசு மருந்து அடிச்சாங்க அம்மணி. உங்கூட்டுக்குள்ளயும் நல்லா அடிக்கச் சொல்லிப்போட்டேனுங்க. ஒரே பூச்சியா இருந்துச்சு பாருங்க!"

அடக் கடவுளே! உள்ளே ஓடினேன். கூண்டுகளின் அடியில் அந்துப்பூச்சிகள் சாம்பலாட்டம் குவிந்து கிடந்தன. குளவி இருந்த குப்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஒன்றும் அசையவில்லை. அக்காவைத் திட்ட வாய் வரவில்லை. எனக்காக வாசலில் கோலம்கூடப் போட்டிருந்தாள்.

ஜீப் வந்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி நுழைந்த அதிகாரி, கொஞ்சம் பொறுத்துக் கையை எடுத்துவிட்டார்.

"மத்த யூனிட்ல எல்லாம் தும்மியே செத்துப்போறேம்மா. நீங்க எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க!"

"எல்லாம் செத்துப்போச்சுங்க சார். மருந்தடிச்சுட்டாங்க."

"பூச்சிதானேம்மா, திரும்பத் தாய்ப்பூச்சி அனுப்பச் சொல்றேன். இந்தப் பக்கத்துக்கு இனி அட்டை உங்ககிட்டதான்."

கையெழுத்துப் போட்டார், காரத்தைக் கொறித்தார், போய்விட்டார்.

டெலிபோன் பூத்துக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். "அப்பச் சரி, அங்கயே இருந்துக்க" என்று வைத்துவிட்டான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பொழுது சாய்ந்தது. பழக்கதோஷம், கூண்டுப் பக்கம் திரும்பி, "ஜெயிச்சுப்போட்டோம்டி" என்று சொல்லிவிட்டேன்.