செங்கேணி அடிக்கச் சொன்ன வரி

எதிர் ஃபிளாட் பெண்ணுக்கு வந்த பார்சலைக் கூரியர்காரர் நேற்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். சாயங்காலம் அவள் வந்து என் வாசலிலேயே நின்று பிரித்தாள். உள்ளே பளபளவென்று ஒரு டப்பா. மூடியைத் திறந்து, "பாப்பாவுக்கு ஆன்ட்டி, வாசனை சரியா இருக்கா பாருங்க" என்று நீட்டினாள். எண்பது தாண்டியவளை ஆன்ட்டி என்று கூப்பிடும் அந்த நல்ல மனசு வாழ்க. டப்பாவில் முளைகட்டிய கேழ்வரகு மாவு. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் பத்தொன்பது வயதாகிவிட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் போய் இரண்டு மூன்று வருடம் இருக்கும். புதுச்சேரியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் குழந்தைகளை எடைபோட்டு எழுதும் வேலை எனக்கு. ஆஸ்பத்திரியைப் பெரியவர்கள் பிரெஞ்சு வழக்கில் 'ஒப்பித்தால்' என்றுதான் சொல்வார்கள். பதிவேட்டின் தலைப்புகள் இன்னும் பிரெஞ்சில் இருந்தன. பதில்கள் குப்பத்துத் தமிழில் வந்தன. நடுவில் நான், பிரெஞ்சு அரைகுறை, எடைபோடுவதிலும் அரைகுறை.

கடைசிக் கட்டம் ஆகாரம். அதுதான் வேடிக்கை. "என்ன குடுக்கறீங்க?" என்று கேட்டால் எல்லாத் தாய்மாரும் சொல்வது ஒரே பதில்: "டப்பாப் பால்." டாக்டரம்மா மேசைமேல் எப்போதும் ஒரு பால்மாவு டப்பா இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே சொல்வார்கள். பிள்ளையின் சட்டைக் கழுத்தில் கேழ்வரகுக் கறை காய்ந்திருக்கும். வாயைத் திறந்து அழுதால் பனைவெல்லம் மணக்கும். நான் "டப்பாப் பால்" என்று குண்டு குண்டாக எழுதுவேன். எங்கள் வீட்டிலும் காலையில் கூழ்தான். யாராவது வந்தால் காபி குடித்த முகத்தோடு உட்கார்ந்திருப்போம். மற்றவர்களைச் சொல்ல எனக்கு வாய் ஏது?

கேழ்வரகு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். காலாப்பட்டுப் பக்கத்திலிருந்து பயிர்க்காரப் பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்து, கடலோரக் குப்பங்களில் கருவாட்டுக்கு மாற்றிக்கொண்டு போவார்கள். கைக்குழந்தைக்கு அதை முளைகட்டி, அரைத்து, துணியில் வடிகட்டிக் காய்ச்சுவார்கள். நடக்கிற பிள்ளைக்குக் கூழும் நெத்திலியும். அதில் என்ன சத்து என்று அவர்களுக்கும் தெரியாது, எழுதிய எனக்கும் தெரியாது.

அந்த வருடம் ஆஸ்பத்திரியில் கொழுகொழு குழந்தைப் போட்டி வைத்தார்கள். முதல் பரிசு குருசுக்குப்பத்துச் செங்கேணியின் மகனுக்கு. செங்கேணி மீன் விற்பவள். அவள் கூவினால் மூன்று தெரு தள்ளிப் பூனை எழுந்து உட்காரும். டாக்டரம்மா என் பதிவேட்டைக் கையில் வாங்கி, எல்லோர் முன்னாலும் "ஆகாரம், டப்பாப் பால்!" என்று படித்தார். ஒரே கைதட்டல். பரிசும் ஒரு பால்மாவு டப்பாதான். அதை வாங்கும்போது செங்கேணி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி அஞ்சலைக்கும் ஒரு கைக்குழந்தை, பெண். இத்தனை நாள் நமக்குத் தெரியாமல் டப்பா கொடுத்திருக்கிறாள், கள்ளி, என்று அஞ்சலை முடிவுகட்டிவிட்டாள். கேழ்வரகை நிறுத்தினாள். எப்படியோ ஒரு டப்பா வாங்கி, அது நாள்பட வர வேண்டுமே என்று தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கொடுத்தாள். அந்தப் பெண்குழந்தையின் எடை மாதாமாதம் குறைந்ததை என் கையாலேயே எழுதினேன். பயமாக இருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

அடுத்த எடைபோடும் நாளில், வரிசையைப் பிளந்துகொண்டு செங்கேணி வந்தாள். ஒரு கையில் அஞ்சலை, இடுப்பில் அஞ்சலையின் குழந்தை.

"தங்கச்சி, அந்த வரிய அடி. எம்புள்ள தின்னது கேவுரு. நான் எத்தினிவாட்டி சொல்லியும் இவ நம்பல. ஒப்பித்தால் புக்குலயே எழுதியிருக்குதுன்றா."

"அடிச்சா என் வேல போயிடும்க்கா."

"அடிக்கலன்னா இந்தப் புள்ள போயிடும்டி!"

அந்தக் குரலுக்கு டாக்டரம்மாவே எழுந்து வந்துவிட்டார். "டப்பாப் பால்" என்பதை அடித்து, மேலே "கேழ்வரகு" என்று எழுதினேன். டாக்டரம்மா அதைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். "இன்னும் யார் யாரு?" என்றார்.

வரிசையின் பின்னாலிருந்து, "எங்கூட்லயும் அதாம்மா." அப்புறம் இன்னொரு குரல். சிரிப்பு வரிசை முழுக்கப் பரவியது. அன்று மத்தியானம்வரை அடித்து அடித்து என் விரலெல்லாம் மை. அஞ்சலைக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை.

"அப்ப அந்தப் பரிசு டப்பா?"

"சாமி படத்தாண்ட வச்சிருக்கேன். வந்து பாரு, பிரிக்கவே இல்ல."

அஞ்சலை பார்த்துவிட்டு வந்து, அன்று மாலையே கேழ்வரகு ஊறவைத்தாளாம். இரண்டு மாதம் கழித்து வந்தபோது அந்தக் குழந்தை தராசில் உட்கார்ந்தபடி என் பேனாவைப் பிடுங்கியது. வேலையும் போகவில்லை. மேசைமேல் இருந்த டப்பாதான் அலமாரிக்குப் போனது.

காலாப்பட்டுப் பாதையில் இப்போது கேழ்வரகுக் கொல்லை எதுவும் என் கண்ணில் படவில்லை. கருவாட்டுக்குத் தானியம் மாற்ற யாரும் வருவதில்லை. கேழ்வரகே டப்பாவுக்குள் போய், அதைச் சொல்லிக்கொள்வதே பெருமையாகிவிட்டது. அதில் எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை.

நேற்று அந்தப் பெண்ணிடம், கட்டி விழாமல் கிண்டணும், தண்ணீர் அதிகமாக்கிவிடாதே என்று சொல்ல வாயெடுத்தேன். "டப்பாலயே எல்லாம் போட்டிருக்கு ஆன்ட்டி, தேங்க்ஸ்" என்று சொல்லிப் போய்விட்டாள். அவர்கள் எதிர் வாசலுக்குக் குடிவந்து ஒரு வருடமாகிறது. அந்தக் குழந்தையை நான் ஒருமுறைகூடத் தூக்கியதில்லை. சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். செங்கேணியாக இருந்தால் தட்டியிருப்பாள்.