மஞ்சள் கவுன்

கல்லறைத் திருநாள் அன்று எங்கள் ஊரில் ஆளுக்கொரு மெழுகுதிரி. வீட்டில் எத்தனை பேர் போயிருக்கிறார்களோ அத்தனை திரி. கடற்காற்றில் திரி அணைந்துகொண்டேயிருக்கும். பக்கத்தில் நிற்பவரின் திரியிலிருந்து பற்றவைத்துக்கொள்வோம். அன்றைக்கு மட்டும் யாரும் யாருக்கும் நெருப்பு இல்லை என்று சொல்வதில்லை, சண்டைக்காரர்கள்கூட. சுனாமியில் மனைவியையும் மகளையும் பறிகொடுத்த ததேயுஸ் அண்ணன் மட்டும் முதல் மூன்று வருடமும் ஒரே ஒரு திரியோடு வருவார். அது லீமா அக்காவுக்கு. மகள் பிரிஜாவுக்குக் கொளுத்தமாட்டார். உடல் கிடைக்காத பிள்ளையைச் செத்ததாக எப்படி எழுதுவது என்று கேட்பார். நினைவுக் கல்லில் அவள் பெயரை வெட்ட வந்த கொத்தனாரை உளியோடு திருப்பி அனுப்பியவர் அவர்.

குளச்சலுக்கு மேற்கே எங்கள் கரை. அண்ணன் அங்கே பெரிய புள்ளி ஒன்றும் இல்லை. நல்ல கடல்காரர், அவ்வளவுதான். பூசையில் ராகம் தப்பிப் பாடுவார். அதையும் ஊருக்கே கேட்கிற மாதிரி பாடுவார். முன்னால் நிற்கிற பெண்கள் முக்காட்டுக்குள் சிரிப்பார்கள், லீமா அக்காவும் சேர்த்துத்தான். அவருடைய கூட்டாளி சிலுவை. சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் ஒரே பெஞ்சு, வளர்ந்தபின் ஒரே கட்டுமரம். பிரிஜாவுக்கு ஞானஸ்நானத்தில் கையேந்திய ஞானத்தகப்பனும் அவன்தான். சிலுவையும் எனக்கு வயதில் மூத்தவன். ஆனால் அவனுக்கு மரியாதை கொடுத்து எழுத எனக்கு மனம் வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2004இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசைக்குப் பிரிஜா முந்தின நாள் போட்ட அதே புது மஞ்சள் கவுனில்தான் வந்தாள். ஏழு வயது, முன்பல் ஒன்று விழுந்திருந்தது. பூசை முடிந்ததும் அவள் அம்மாவோடு வீட்டுக்குப் போனாள், அண்ணன் கரைக்குப் போனார். கடல் வந்தபோது அவரைத் தூக்கிப் பாறாங்கல்லில் அடித்தது. கால் இரண்டு இடத்தில் ஒடிந்து, நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் கிடந்தார். அந்த நாட்களில் இங்கே நாங்கள் குருசு நட்ட சின்னக் கோவிலான குருசடிக்குப் பின்னால் பெரிய குழி வெட்டி எல்லோரையும் ஒன்றாக அடக்கிக்கொண்டிருந்தோம். யார் யாரை எடுத்து வைத்தோம் என்று எங்களுக்கே தெரியாது.

ஆஸ்பத்திரிக்குச் சேதி கொண்டுபோனவன் சிலுவை. லீமா கிடைத்துவிட்டாள், அடக்கியாயிற்று என்றான். பிள்ளை கிடைக்கவில்லை என்றான்.

கிடைக்கவில்லை என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் அண்ணன் எழுந்து நடந்தார். வேறு கரையில் ஒதுங்கியிருப்பாள், யாராவது எடுத்து வளர்ப்பார்கள் என்று முதலில் சொன்னார். ஒன்றிரண்டு வருடம் போனபின் அந்தப் பேச்சு மாறியது. எங்காவது யாராவது அடக்கியிருப்பார்கள், அந்த இடம் தெரிந்தால் போதும் என்றார். வீடு போனதில் பிள்ளையின் போட்டோகூட மிஞ்சவில்லை. அவரிடம் இருந்ததெல்லாம் மஞ்சள் கவுன் என்ற அடையாளம் மட்டும்தான்.

மார்கழியில் எங்கள் கடலில் நீரோட்டம் கேரளக் கரையை ஒட்டி வடக்கே போகும். நாங்கள் அதை நீவாடு என்போம். 2008 தையில் அண்ணன் அந்த வழியே வள்ளத்தில் போகப்போவதாகச் சொன்னார். கரை கரையாக இறங்கிக் கேட்கவேண்டும் என்றார். பஸ்ஸில் போகலாமே என்று கரையில் ஐஸ் விற்கிற நான் புத்தி சொன்னேன்.

“அவ பஸ்ஸிலயா போனா? நீவாட்டோட போனா. நானும் அப்படியே போவேன்” என்றார்.

வள்ளம், சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் இரண்டு பேருக்கு ஒன்று என்று கொடுத்தது. அவருக்கும் சிலுவைக்கும் பொது. அவ்வளவு தூரத்துக்கு என்ஜினில் போனால் மண்ணெண்ணெய்க்குக் கட்டாது, பாய்தான். பாய் விரித்தால் ஒருவன் சுக்கான் பிடிக்கவேண்டும், ஒருவன் பாய்க்கயிறு பிடிக்கவேண்டும். சிலுவை என்னென்னவோ சொல்லித் தடுத்தான். நான் வரமாட்டேன் என்று முரண்டும் பிடித்தான். அண்ணன் அந்த நொண்டிக் காலோடு தனியாகப் பாயை ஏற்றத் தொடங்கியதும் பேசாமல் வந்து ஏறிக்கொண்டான். இப்படி ஒரு கூட்டுக்காரன் யாருக்குக் கிடைப்பான் என்று கரையில் நின்ற நாங்கள் மெச்சிக்கொண்டோம்.

விடியலில் கரைக்காற்றைப் பிடித்து ஓடுவார்கள். வெயில் ஏறினால் ஏதாவது ஒரு கரையில் ஒதுங்குவார்கள். தேங்காய்ப்பட்டணம், விழிஞ்ஞம், அஞ்சுதெங்கு, கொல்லம். கடல்காரனுக்குக் கடல்காரன் சோறு போடாமல் இருப்பதில்லை. கோவில்களில் கல்லறைத் தோட்டத்தைக் காட்டினார்கள். ஒரு பள்ளிவாசலில் பெரியவர் ஒருவர் கபர்ஸ்தானுக்கே கூட்டிப்போய், பேர் தெரியாமல் அடக்கிய இடங்களைக் காட்டினார். எங்கே போனாலும் அண்ணன் பின்னால் ஒதுங்கி நிற்பார். கேட்பது சிலுவைதான். ஏழு வயசு, மஞ்சக் கவுன், முன்பல்லு ஒண்ணு இல்ல என்று ஒவ்வொரு கரையிலும் அவன் வாயால்தான் சொன்னான். கேட்டவர்கள் இல்லையென்று தலையாட்டும்போது அண்ணனின் தோளைப் பிடித்து வள்ளத்துக்குக் கூட்டிவருவான்.

இடையில் கடலில் அண்ணன் மறுபடி பாடினாராம். சுனாமியோடு பாட்டை நிறுத்தியவர், இத்தனை வருடம் கழித்து, அதே தப்பு ராகத்தில். மீனெல்லாம் ஓடிரும் மக்கா என்று சிலுவை கேலி செய்தானாம். யாரிடமும் சொல்லாததை எல்லாம் அவனிடம் சொன்னாராம். லீமா அக்காவின் முகம் மறந்துகொண்டு வருகிறது என்பதைக்கூட.

கொல்லம் தாண்டி, ஆலப்புழைக்குத் தெற்கே ஒரு சின்னக் கரை. அங்கே கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவி, சிலுவை சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டாள். கடல் கயறி ஊருக்குள் வந்த மூன்றாம் நாள் மஞ்சள் உடுப்புப் போட்ட ஒரு சின்னப் பெண்பிள்ளை அங்கே ஒதுங்கியதாம். தேடி யாரும் வரவில்லையாம். தன் முண்டில் அவளே சுற்றிக் கொடுத்து, கோவில் கல்லறையின் மூலையில் அடக்கினார்களாம். கூட்டிப்போய்க் காட்டினாள். யாரோ வருடாவருடம் சுண்ணாம்பு அடித்த சின்ன மரக்குருசு நின்றது.

அண்ணன் அதன் முன்னால் விழுந்து அழுதார். அழுது முடித்து எழுந்தபோது ஆளே மாறியிருந்தார். ஒரு பிடி மண்ணைத் துண்டில் முடிந்துகொண்டார், ஊரில் லீமாவின் மண்ணோடு கலக்கவேண்டுமாம். கிழவியின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அவள் கொடுத்த கஞ்சியை இரண்டு முறை வாங்கிக் குடித்தார். மறுநாள் அந்தக் கோவிலில் பிரிஜா பேருக்கு ஒரு பூசை வைக்கவேண்டும், நீதான் சாமியாரிடம் பேசவேண்டும் என்று சிலுவையிடம் சொன்னார்.

சாயங்காலம் வள்ளத்தருகே இருவரும் உட்கார்ந்திருந்தபோதுதான் சிலுவை வாயைத் திறந்தான்.

“மக்கா, அது நம்ம பிள்ள இல்ல.”

அண்ணன் புரியாமல் பார்த்தார். மஞ்சள் கவுன் என்றுதானே அந்தம்மா சொன்னாள் என்றார்.

“நம்ம பிள்ள பச்சப் பாவாடையில இருந்தா. பூசை முடிஞ்சு போனதும் லீமா மாத்திவிட்டிருப்பா. மூணாம் நாளு தாழங்காட்டுல, கவுந்து கெடந்த கட்டுமரத்துக்கு அடியில நானாக்கும் எடுத்தேன். ஞானஸ்நானத்துக்கு நான் போட்ட குருசு கழுத்துல கெடந்து. குழிய மூடப் போன நேரம். நானே எறங்கி வச்சேன்.”

சிலுவை மேலும் சொன்னான். காலொடிந்து கிடந்தவரிடம், பிள்ளை கிடந்த கோலத்தைச் சொல்ல வாய் வரவில்லையாம். பிறகு சொல்லலாம் என்று நினைத்தானாம். அதற்குள் அவர் தேடத் தொடங்கிவிட்டாராம். இன்றைக்கும் சொல்லியிருக்கமாட்டானாம்.

“ஆனா இந்தப் பிள்ளைக்கும் ஒரு அப்பன் இருப்பான் மக்கா. அவன் தேடி வரும்போ நம்ம பிள்ளைக்க பேரு இஞ்ச இருக்கப்பிடாது.”

அண்ணன் கத்தவில்லை, அடிக்கவும் இல்லை. எழுந்து நொண்டி நொண்டிக் கல்லறைக்குப் போனார். துண்டை அவிழ்த்து, முடிந்துவைத்த மண்ணை அந்தக் குருசின் அடியிலேயே திரும்பக் கொட்டினார். துண்டை உதறி, ஒட்டியிருந்ததையும் தட்டிவிட்டு வந்தார். கண்ணில் காட்டிவிட்டுப் பிடுங்கினாற்போல் இருந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னார். அரை நாளாவது எனக்கு ஒரு கல்லறை இருந்தது என்றும் சொன்னார்.

நான் பஸ்ஸில் போய்விடுகிறேன் என்று சிலுவை சொல்லிப் பார்த்தான். “வள்ளத்துக்கு ரெண்டு பேரு வேணும், ஏறு” என்பதோடு அண்ணன் நிறுத்திக்கொண்டார்.

அதுதான் கொடுமை. தரையில் என்றால் ஒருவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துவிடலாம். வள்ளத்தில் எங்கே போவது? திரும்பும் வழியில் நீவாடு எதிர். போனதைவிட அதிக நாள் பிடித்தது. அத்தனை நாளும் தன்னை ஏமாற்றியவன் கையில்தான் பாய்க்கயிறு. அவன் இழுத்தால்தான் இவர் உயிரோடு கரை சேரமுடியும். பிடி, விடு, பார்த்து என்பதைத் தவிர இருவருக்குள்ளும் வேறு பேச்சில்லை. அண்ணன் தனியாகக் கஞ்சி வைத்துக் குடித்தார். விழிஞ்ஞத்தில், போகும்போது சோறு போட்டவர்கள் ஓடிவந்து பிள்ளை கிடைத்தாளா என்று விசாரித்தார்கள். வழக்கமாகப் பேசுகிற சிலுவை தலையைத் தொங்கப்போட்டு நின்றான். அன்றுதான் முதல்முறையாக அண்ணனே பதில் சொன்னார்.

“கிட்டிச்சு. ஊர்லேயேதான் கெடந்திருக்கா.”

இன்றைக்கும் எங்கள் ஊரில், சிலுவை நல்லது நினைத்துத்தானே செய்தான் என்று ஒரு கூட்டம் வக்காலத்து வாங்கும். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டால் ஆத்திரம் வரும். ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யை நானும் மன்னித்துவிடுவேன். அதன்பின் கரை கரையாகப் போய் மஞ்சள் கவுன், மஞ்சள் கவுன் என்று கேட்டானே, அது எந்த நல்லதில் சேர்த்தி?

அவர்கள் வந்து சேர்ந்த மத்தியானம் நான் கரையில்தான் இருந்தேன். வள்ளத்தை மணலில் ஏற்றியதும் அண்ணன் யார் முகத்தையும் பார்க்காமல், நனைந்த வேட்டியோடு குருசடிக்குப் பின்னால் போனார். சிலுவை பின்னாலேயே போனான். என்னவோ ஏதோ என்று நானும் போனேன். வழக்கமாக லீமா அக்காவுக்குத் திரி வைக்கிற இடத்தில், குழியின் வடக்கு ஓரம், அண்ணன் நல்ல காலை மடக்கி முட்டுக்குத்தினார். பிறகு திரும்பாமலே கேட்டார்.

“பிள்ளைய எங்க வச்ச?”

சிலுவை சொன்னான். “நீ முட்டுக்குத்தியிருக்கிய எடம்தான்.”

அண்ணன் பதறிப்போய், கையை ஊன்றிப் பின்னால் நகர்ந்தார். ஒடிந்த கால் மடங்காமல் இழுபட்டது. தூக்கிவிடப் போன என் கையைத் தட்டிவிட்டார். தரையில் உட்கார்ந்தபடியே சிலுவையை நிமிர்ந்து பார்த்தார்.

“வருசா வருசம் நீயும் எனக்க பக்கத்துலதானலே நின்ன?”

“நின்னேன்.”

“பிள்ளைக்க மேலயாக்கும் முட்டுக்குத்தியேன்னு தெரிஞ்சே நின்னியா?”

சிலுவை ஆமாம் என்று தலையை அசைத்தான்.

வள்ளத்தில் தன் பங்கை அண்ணன் அவனுக்கே விட்டுவிட்டு வேறொருவரிடம் கூலிக்குக் கடலுக்குப் போகத் தொடங்கினார். கொத்தனாரை அவரே கூப்பிட்டு நினைவுக் கல்லில் பிரிஜாவின் பெயரை வெட்டச் சொன்னார். அந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு இரண்டு திரி கொண்டுவந்தார். குழிக்கு வெளியே நின்று, எட்டிக் கையை நீட்டி இரண்டையும் நட்டார். ஞானத்தகப்பன் என்ற முறையில் சிலுவையும் ஒரு திரியோடு வந்திருந்தான். வாடைக்காற்று பலமாக இருந்தது. அவன் திரி அணைந்தது. வழக்கம்போலக் குனிந்து, அண்ணனின் திரியை நோக்கி நீட்டினான். அண்ணன் இரண்டு உள்ளங்கைகளாலும் தன் திரிகளை மூடிக்கொண்டார். அவன் அங்கிருந்து போகும்வரை கையை எடுக்கவில்லை.