காது குத்துக்கு வந்த ஹெலிகாப்டர்

தேவிகுளம் சாலையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஊர்ந்து போகிற ஒரு ஜீப்பை நீங்கள் பார்த்திருக்கலாம். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிக்கும், எதிரே யாரும் இல்லாதபோதும் ஒதுங்கி நிற்கும், பால் வண்டிக்குக்கூட வழிவிடும். அதை ஓட்டுபவர் என் தாய்மாமன். இவர் ஒரு காலத்தில் ராணுவ ஹெலிகாப்டர் ஓட்டியவர் என்று சொன்னால் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்த ஹெலிகாப்டர் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் ஏன் விழுந்தது என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நான் சொல்வதுதான் உண்மைக் கதை. அது என் காதுக்காக விழுந்தது.

அப்போது எனக்கு ஏழு வயது, இன்னும் காது குத்தவில்லை. எங்கள் வழக்கத்தில் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அம்மாவுக்கு இருந்தது ஒரே தம்பி. தொழிலாளிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, கொழுந்து எடுக்கிறவளின் பிள்ளையாகப் படித்து, ஆபீசராகி, ஹெலிகாப்டர் ஓட்டப் போனவர். எஸ்டேட்டில் எந்தப் பிள்ளைக்கு அடி விழுந்தாலும் அவர் பேரைச் சொல்லித்தான் விழும். எல்லாம் இருந்தும் அவருக்கு லீவு மட்டும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் அம்மன் கோயில் திருவிழாவோடு காது குத்தையும் வைப்பதாகப் பேசுவார்கள், காது குத்துகிற ஆசாரிக்குச் சொல்லி அனுப்புவார்கள், ஆட்டைக் கொண்டுவந்து கட்டுவார்கள். பிறகு மாமாவிடமிருந்து போன் வரும். ஆடு பிழைத்துக்கொள்ளும்.

என் வயசுப் பிள்ளைகள் ஜிமிக்கியை ஆட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தார்கள். நான் மூளிக்காது. வாத்தியார்கூட ஒருநாள் மறந்துபோய் அந்தப் பேராலேயே என்னைக் கூப்பிட்டுவிட்டார். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தபோது அப்பா, "உன் ஒன்னுவிட்ட தம்பி பூப்பாறையில சும்மாதான இருக்கான், அவன் மடியெல்லாம் மடியில்லையா?" என்று அம்மாவிடம் கேட்டார். அன்று ராத்திரி அம்மா அவருக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றவில்லை.

அந்த வருஷத் திருவிழாவும் மாமா இல்லாமல் போனது. ஆனால் சில நாளில் ஒரு போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஏதோ வேலையாக எங்கள் மலைப் பக்கம் பறந்து போகிறாராம். போகிற போக்கில் எங்கள் தலைக்கு மேலே ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போவாராம். மேலேயிருந்து பார்த்தால் எல்லா லயமும் ஒன்றுபோலத் தெரியும், அடையாளத்துக்கு உன் கல்யாணச் சேலையைக் கூரையில் விரித்து வை, யாரிடமும் மூச்சு விடாதே என்றார். அம்மா யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடம் மட்டும் சொன்னாள். அப்பாவும் யாரிடமும் சொல்லவில்லை, பெரட்டுக்களத்தில் மட்டும் சொன்னார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற இடம் அது. மொத்த எஸ்டேட்டும் அங்கேதான் நிற்கும்.

ஞாயிறு விடிந்ததும் அம்மா அரக்குச் சிவப்புக் கல்யாணச் சேலையைத் தகரக் கூரைமேல் விரித்து, மூலைக்கு மூலை கல் வைத்தாள். ஏணியிலிருந்து இறங்கித் திரும்பினால் பக்கத்து வீட்டுக் கூரையிலும் ஒரு சிவப்புச் சேலை.

"நம்ம பய வாரான், நம்ம வீட்டையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போவட்டுமே மதினி" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை.

அம்மா பதில் சொல்வதற்குள் எதிர் லயத்துக் கூரைகளிலும் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மலைச்சரிவு முழுக்கக் கல்யாணச் சேலைகள். கீழ் லயத்து வேதக்கார அக்கா தன் சர்ச் கல்யாணத்து வெள்ளைப் பட்டுச் சேலையை விரித்திருந்தாள். எங்கள் எஸ்டேட் அவ்வளவு அழகாக இருந்து அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. அம்மா மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அப்பாவை முறைத்தபடி நின்றாள்.

சத்தம் முதலில் வந்தது. பிறகு மலைக்குப் பின்னாலிருந்து ஹெலிகாப்டர் எழும்பி வந்தது. நாங்கள் போட்ட கூச்சலில் அந்தச் சத்தமே அமுங்கிப்போனது. ஒரு சுற்று சுற்றினார். எந்தக் கூரை அக்கா கூரை என்று தெரியாமல் முழித்திருப்பார், பாவம். இன்னும் தாழ வந்தார். அந்தக் காற்றைக் கற்கள் தாங்கவில்லை. சேலைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பித் தேயிலைக் காட்டுக்குமேல் பறந்தன. பெண்கள் சிரித்துக்கொண்டே அவற்றின் பின்னால் ஓடினார்கள். கடைசியாக மாமா வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து, சரிவை ஒட்டி, கிட்டத்தட்டப் படுக்கப் போட்டபடி திருப்பினார். அவருடைய கறுப்புக் கண்ணாடிகூட எனக்குத் தெரிந்தது. மலை இடுக்கில் அப்படித் திருப்பவே கூடாதாம், பிற்பாடு சொன்னார்கள். அன்று நாங்கள் கை தட்டினோம். தட்டிக்கொண்டிருக்கும்போதே ஹெலிகாப்டரின் வால் சில்வர் ஓக் மரத்தில் இடித்தது.

அது தட்டாமாலை சுற்றியது. இறக்கைகள் ஒடிந்து தெறித்தன. செடிகளை நசுக்கிக்கொண்டு வழுக்கிப் போய்ப் பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது.

"என் தம்பி" என்று அலறிக்கொண்டு அம்மா செடிகளுக்கு நடுவே விழுந்து எழுந்து ஓடினாள். எனக்குக் காதும் வேண்டாம், ஜிமிக்கியும் வேண்டாம் என்று அம்மனிடம் சத்தமாகவே சொன்னேன். அவ்வளவு பயம்.

மேலே பார்த்திருந்த கதவு திறந்தது. கூட வந்த வடநாட்டு ஆபீசர் முதலில் வெளியே வந்தார், நெற்றியில் எலுமிச்சங்காய் அளவுக்கு வீக்கம். அவரும் எங்கள் ஆட்களும் சேர்ந்து மாமாவை வெளியே இழுத்தார்கள். ஒரு கால் கோணிக்கொண்டிருந்தது, முகமெல்லாம் ரத்தம். அம்மாவைப் பார்த்ததும், "எக்கா, இதுல எதுக்கா உன் சேலை?" என்று கேட்டார். அம்மா அவர் கன்னத்தில் ஓர் அறை விட்டு, அப்படியே கட்டிக்கொண்டு அழுதாள்.

கொழுந்து ஏற்றும் டிராக்டரில் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கால் எலும்பு முறிவுதான், உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும் ஆஸ்பத்திரி வாசலே கல்யாண வீடாகிவிட்டது. வடநாட்டு ஆபீசருக்கு ஆள் மாற்றி ஆள் பால் ஊற்றாத கட்டன் சாயா கொடுத்ததில், ஒரு கட்டத்தில் அவர் டம்ளரைக் கண்டாலே எழுந்து ஓட ஆரம்பித்தார். அப்போதுதான் மேலதிகாரிகள் புறப்பட்டுவிட்டதாகவும், காலையில் வந்து மாமாவைக் கூட்டிப்போவதாகவும் போன் வந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப இன்னைக்கே குத்திருவோம். இவன விட்டா இனி எப்ப ஆப்டுவான்?"

அப்பா வேகமாக நடந்துகூட நான் பார்த்ததில்லை. அன்று பைக்கை எடுத்துக்கொண்டு பறந்து, ஆசாரியைப் பின்னால் உட்கார வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். மலையாளத்து நர்சம்மா வாசலில் கையை விரித்து மறித்தாள். "இது ஆஸ்பத்திரியாணு கேட்டோ! கோயிலொந்நுமல்ல!" என்று கத்தினாள். கடைசியில் அவளே ஆசாரியின் ஊசியைப் பிடுங்கி ஸ்பிரிட்டில் போட்டு எடுத்துக் கொடுத்தாள்.

கட்டுப் போடாத தொடையில் மாமா என்னைத் தூக்கி வைத்துக்கொண்டார். ரத்தக்கறை படிந்த ராணுவச் சட்டைக்குமேல் அம்மா மாலை போட்டாள். ஆசாரி குத்தினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன், அழவில்லை. அழுதது மாமாதான். என் உச்சந்தலையில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். "குத்துனது அவளுக்கு, வலிக்கிறது மாமனுக்கா?" என்று எல்லாரும் கேலி செய்தார்கள். என்மேல் அவ்வளவு பாசம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெளியே சர்க்கரைப் பொங்கல் கிண்டிய வாசனை வந்தது. பொறுக்கிக் கொண்டுவந்த சேலைக் குவியலில் எது யாருடையது என்று பெண்கள் சிரித்துச் சிரித்துச் சண்டை போட்டார்கள்.

மறுநாள் காலையில் அதிகாரிகள் வந்தார்கள். மாமா தொப்பியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, கட்டில் கம்பியைப் பிடித்து ஒற்றைக் காலில் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். எல்லாருக்கும் பெரியவராகத் தெரிந்தவர் அதைப் பார்த்தார். பார்த்தும் கையைத் தூக்கவில்லை. மாமாவின் கை நெற்றியை விட்டு இறங்காமல் அப்படியே நின்றது. பெரிய மனுஷருக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். முன்னால் போய் நின்று, காலைத் தரையில் ஓங்கி உதைத்து, அவருக்குப் பதிலாக நான் மாமாவுக்கு ஒரு சல்யூட் அடித்தேன். மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார், பிறகு கையை இறக்கினார். அந்தச் சட்டையில் அவர் அடித்த கடைசி சல்யூட்டுக்குப் பதில் மரியாதை செய்த ஒரே ஆள் நான்தான் என்பது அன்று எனக்குத் தெரியாது. காதைக் காட்ட வேண்டிய அவசரத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட்டேன்.