குழப்பம் என்று அம்மா சொன்னது

முதலில் அவளுக்கு மிக்ஸி சத்தம் ஆகாமல் போனது. காதைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவாள்.

இதைப் படிக்கிற பிள்ளைகளே, அவள் என் மனைவி, திருவனந்தபுரத்தில் நர்ஸ். சிக்குன்குனியாவும் (கொசுவால் வரும் காய்ச்சல், மூட்டுகள் பிடித்துக்கொள்ளும்) எலிக்காய்ச்சலும் (எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வருவது, உயிரையே எடுக்கும்) சேர்ந்து பரவிய மழைக்காலம் அது. வார்டில் தரையெல்லாம் பாய். அவளுக்கும் சிக்குன்குனியா வந்து போனது. பிறகும் சரியாகத் தின்னவில்லை, உறங்கவில்லை. காய்ச்சலின் மிச்சம் என்றே நினைத்தேன். நான் சாலைக் கடைத்தெருவில் அரிசிக் கடையில் நிற்பவன்.

எங்கள் பேச்சு பாதி தமிழ், பாதி மலையாளம். மலையாளத்தில் 'குழப்பமில்ல' என்றால், ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்று அர்த்தம். கடையில் மூட்டை கிழிந்தாலும் அதைத்தான் சொல்வோம். அவள் நோயாளிகளிடம் நாள் முழுக்க அதைச் சொல்வாள். என்னிடமும் அதே பதில்.

ஒரு நாள் தோசைக்கல் முன்னால் நின்று, "எனக்குக் குழப்பமா இருக்கு, கேட்டியளா?" என்றாள்.

நான் அதைத் தமிழாக எடுத்துக்கொண்டேன். இன்றைக்குச் செவ்வாய், உனக்கு மத்தியானம் டியூட்டி என்று விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். "அம்மா டைம்டேபிளா கேட்டா?" என்று எங்கள் மூத்த மகள் என்னைக் கிண்டல் செய்தாள்.

அந்த வாரமே வார்டு வாசலில் கால் எழும்பாமல் நின்றுவிட்டாள். மனநல டாக்டரிடம் கூட்டிப்போனேன். இவளுக்கு நாள் கிழமை மறந்துபோகிறது என்று நானே சொன்னேன்.

"மறக்கல டாக்டர். எல்லாம் ஞாபகம் இருக்கு. அதுதான் குழப்பம்."

குழப்பமில்ல என்று இவள் சொல்லி, சாயங்காலத்துக்குள் இறந்துபோனவர்களை ஒவ்வொருவராகச் சொன்னாள். இப்போது அந்த வார்த்தை வாயில் வரவில்லையாம்.

டாக்டர் மலையாளி. "சேட்டன் அதைத் தமிழ்ல கேட்டுட்டீங்க. சிஸ்டர் சொன்னது எங்க மலையாளத்துக் குழப்பம். தன்னால முடியலன்னு அர்த்தம்."

மனச்சோர்வு (மனம் தளர்ந்து, உறக்கமும் பசியும் கெடும் நோய்) என்றார். மாத்திரை, லீவு, பேச ஓர் ஆள். மெதுவாகத் தேறினாள். எது காய்ச்சல் விட்டுப்போன வலி, எது மனசின் வலி என்று எனக்கு இன்னும் பிரிக்கத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. உங்கள் வீட்டில் யாராவது ஒன்றுமில்லை என்று சொன்னால், இன்னொரு தடவை கேளுங்கள். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

இப்போது அவளுக்கு ஓ.பி.யில் வேலை. காலையில் விரல்கள் மடங்க நேரமாகிறது. மடங்கும்வரை கட்டிலில் இருப்பாள். பிள்ளைகள் ஆளுக்கொரு கையைத் தேய்த்துவிடுவார்கள். சில நாள் ஸ்கூல் பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடும். யாரும் எழுந்திருப்பதில்லை.