காரணமில்லாமல் திரும்பிப் பார்ப்பவர்கள்

பேய்ப் படங்களில் யாரும் விளக்கைப் போடுவதில்லை. முதலில் இதைச் சொல்லித் தீர்த்துவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மற்றது எதுவும் ஓடாது. வீட்டுக்குள் நுழைகிறாள், இருட்டாக இருக்கிறது, சுவிட்ச் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. போடமாட்டாள். "யாரு? யாரு அங்கே?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போவாள். பேய் என்ன, பெயரும் அடையாள அட்டை நம்பரும் சொல்லவா போகிறது? நாலு பேர் சேர்ந்து வந்திருந்தால், பயம் வந்த அந்த நிமிடமே ஆளுக்கொரு திசையாகப் பிரிந்து தேடப் போவார்கள். அதுவரை ஒழுங்காக ஓடிய கார் அப்போது கிளம்பாது. கைபேசியில் லைன் இருக்காது. கொலைகாரனை அடித்து வீழ்த்தியதும் கையில் இருக்கும் கட்டையை வீசிவிட்டுக் கட்டிப்பிடித்து அழுவார்கள். அவன் பின்னால் சாவகாசமாக எழுந்து நிற்பான். நம் தமிழ்ப் படமாக இருந்தால் பேய்க்கும் ஒரு சோகக் கதை இருக்கும், அந்தக் கதைக்குள் ஒரு பாட்டும் இருக்கும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பற்றிக்கொண்டு வருவது, "ஒன்றுமில்லை, பூனையாக இருக்கும்" என்று சொல்கிற ஆளைப் பார்த்தால்தான். படத்துக்கு ஒருவர் கட்டாயம் இருப்பார். அப்படி ஒருத்தி என் வீட்டிலேயே இருந்தாள். என் மனைவிக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. ஒரே ஒரு தடவை வந்து சோதித்துப் பார் என்று நான் கெஞ்சினேன், கத்தினேன், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்து பார்த்தேன். "ஒண்ணுமில்லங்க, அழுக்கு அடைச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுவாள்.

அவளுடைய காது விஷயமே பேய்ப் படத்தால்தான் எனக்குத் தெரிய வந்தது. நாங்கள் தெப்ராவில் இருக்கிறோம். நான் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் கிராணி. அவள் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள், தினமும் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். சனிக்கிழமை மதியம் இருவருக்கும் ஓய்வு என்றால் பேரங்காடியில் இருக்கும் தியேட்டருக்குப் போவோம். பேய்ப் படம் வந்திருந்தால் வேறு படத்தைப் பற்றிப் பேச்சே கிடையாது. அவளுக்குக் கத்தப் பிடிக்கும், எனக்குத் திட்டப் பிடிக்கும். கைப்பையில் கச்சாங் கடலைப் பொட்டலத்தை ஒளித்து எடுத்து வருவாள். பேய் வருவதற்கு முன்னால் கொலுசு மெல்லக் குலுங்கும் இல்லையா, அப்போதே என் கையைப் பிடித்துவிடுவாள். பேய் வந்து போகும்வரை விடமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை குளிக்கும்போது முழங்கைக்கு மேலே நகக்குறி எரியும்.

போன வருடம் அவளும் என்னைப் போலக் குறை சொல்ல ஆரம்பித்தாள். "இப்பல்லாம் கதை சரியில்லங்க. இவ எதுக்கு இப்பத் திரும்பிப் பாக்குறா? பின்னாடி யாருமே இல்லையே" என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருடம் கழித்து என் கட்சிக்கு ஒரு ஆள் சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன். வரும் வழியெல்லாம் காரில் இருவரும் சேர்ந்து அந்த டைரக்டரைக் கிழித்தோம்.

அடுத்த படத்திலும் அதையே சொன்னாள். அதற்கடுத்த படத்தில் கதாநாயகி தனியாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பின்னணி இசை நின்றது. முதுகுப் பக்கத்திலிருந்து கொலுசுச் சத்தம் மெலிதாக, ஊசி குத்துகிற மாதிரி வந்தது. தியேட்டரே மூச்சை அடக்கிக்கொண்டது. முன் வரிசைப் பெண் முகத்தை மூடிக்கொண்டாள். என் மனைவியின் கை கச்சாங் பொட்டலத்துக்குள் கடலையைத் தேடிக்கொண்டிருந்தது. கதாநாயகி வெடுக்கென்று திரும்பினாள்.

"பாத்தீங்களா? சும்மாவே திரும்புறா" என்றாள்.

"கொலுசுச் சத்தம் கேட்டுச்சுல்ல."

"எங்க கேட்டுச்சு? அலமாக், நீங்க வேற!"

அதற்குப் பிறகு எனக்குப் படம் ஓடவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண் நடிகர்களின் முகத்தில் இல்லை, திரையின் அடியில் ஓடும் மலாய் வரிகளில் இருந்தது. நம் ஊரில் எந்தப் படம் போட்டாலும் கீழே மலாய் வந்துவிடும். ஹாஸ்ய நடிகர் சொல்லி முடிப்பதற்கு முன்பே அவள் சிரித்தாள், மற்றவர்கள் பிறகு சிரித்தார்கள். பேச்சு முழுக்க எழுத்தாக வந்துவிடுகிறது, அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கொலுசு குலுங்குவதையும் கதவு கிறீச்சிடுவதையும் யாரும் மலாயில் எழுதிப் போடுவதில்லை. பேய் கிட்ட வந்து 'டமார்' என்று விழும்போது மட்டும் எல்லாரோடும் சேர்ந்து அவளும் துள்ளினாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். மறுத்தாள். மறுநாள் டிவியில் வேறொரு பேய்ப் படத்தைப் போட்டு, கொலுசு வரும் இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டினேன். "இந்த டிவி பழசுங்க, சத்தம் சரியில்ல" என்றாள். சத்தத்தைக் கூட்டக் கூட்டப் பக்கத்து வீட்டு அக்கா வேலி ஓரம் வந்து என்ன சண்டை என்று எட்டிப் பார்த்தார். அவருக்குக் கேட்டது, இவளுக்குக் கேட்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் ரிமோட்டை சோபாவில் எறிந்தேன். ஆத்திரம் அவள்மேல் மட்டும் இல்லை. பயமும் இருந்தது, அதை என்னவென்று சொல்லத் தெரியாமல் கத்தினேன்.

காரணம் என்ன என்று அவளுக்கும் தெரியும். தொழிற்சாலையில் மெஷின் ஓடும் இடத்தில் எல்லாருக்கும் காதில் வைத்துக்கொள்ள இயர் பிளக் கொடுக்கிறார்கள். இரண்டையும் வைத்துக்கொண்டால் பேச முடியாது. அதனால் அவளும் அவள் கூட்டாளிகளும், சூப்பர்வைசர் அந்தப் பக்கம் போனதும் ஆளுக்கொரு காதைத் திறந்துவிடுவார்கள். பேச்சு என்றால் சாதாரணப் பேச்சா? யார் மகளுக்கு நிச்சயம், யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், அவரவர் பிறந்த கம்பத்தில் யார் பொந்தியானாக் பேயைக் கண்ணால் பார்த்தது, எல்லாம் அந்த இரைச்சலுக்கு நடுவில்தான். ஒரு பக்கம் வலித்தால் மறு பக்கத்தைத் திறப்பார்கள். இருபது வருடத்துக்கு மேல் அப்படித்தான் ஓடியிருக்கிறது.

"டெஸ்ட் எடுத்து கம்பெனிக்குத் தெரிஞ்சா என்னை மெஷின் லைன்ல விட மாட்டாங்க. பின்பக்க ஸ்டோர்ல தனியாப் போட்டுருவாங்க. அங்க நான் யாரோட பேசுறது, பெட்டியோடயா?" என்று ஒரு நாள் உடைத்துச் சொன்னாள்.  பேசுவதற்காகக் காதைக் கொடுக்கிறாய், நாளைக்குக் காது போனால் பேச்சும் போய்விடுமே என்றேன். "ஒண்ணும் போகாது லா" என்றாள். படத்தில் இந்த வசனம் வரும்போது நான் சீட்டை விட்டு எழுந்து திட்டுவேன். வீட்டில் யாரைத் திட்டி என்ன பயன்?

பிறகு அந்தச் சம்பவம் நடந்தது. அதையும் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். வேலை முடிந்து நடைபாதையில் வந்துகொண்டிருந்தாளாம். திடீரென்று எதிரே வந்த கூட்டாளிகள் எல்லாரும் கையை ஆட்டினார்களாம். "எல்லாரும் வாயைத் திறந்து திறந்து மூடுறாங்க. எனக்குன்னு தெரியல. யாருக்கோ டாட்டா காட்டுறாங்கன்னு நானும் கைய ஆட்டுறேன்!" அவளுக்குப் பின்னால் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒன்று பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அது பின்னால் வரும்போது கீச்கீச்சென்று விடாமல் கத்தும், காது இருக்கிறவர்கள் யாருக்கும் கேட்கும். ஒரு மலாய்க்காரப் பெண் ஓடி வந்து அவள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். குதிகாலில் சிராய்ப்போடு தப்பித்தாள்.

"ஒரே சினிமாதான் போங்க" என்று சொல்லி, காலில் மருந்து தடவினாள்.

நான் சிரிக்கவில்லை. இத்தனை வருடம் திரையைப் பார்த்து "பின்னாடி பாருடி, பின்னாடி பாரு" என்று கத்தியிருக்கிறேன். படத்தில் இருப்பவளுக்குக் கேட்காது, அது தெரிந்துதான் கத்துகிறோம். இவள் உயிரோடு என் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். "நீ வரலன்னா நானே உன் கம்பெனிக்குப் போய்ச் சொல்லிருவேன்" என்றேன். வாழ்க்கையில் அவளை அப்படி மிரட்டியது அதுதான் முதல் தடவை. அவள் முகம் சுருங்கிப்போனது. கம்பெனி கிளினிக் கூடாது, தூரமாக வேறு இடமாக இருக்க வேண்டும், அதற்குப் பிறகு இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டு ஒப்புக்கொண்டாள்.

ஸ்கூடாயில் ஒரு காது கிளினிக்குக்குப் போனோம். சாலை நெரிசலில் வழி முழுக்க எரிந்து விழுந்தபடியே ஓட்டினேன். அங்கே கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை இருந்தது. அவளை உள்ளே உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும், அவ்வளவுதான். கனமான கதவைச் சாத்தினார்கள். சோதிக்கும் பெண் வெளியே தன் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள், நான் அவள் பின்னால் நின்றேன். ஒவ்வொரு தடவை சத்தம் அனுப்பும்போதும் மெஷினில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. என் மனைவி பொத்தானை அமுக்கினால் பக்கத்தில் சிவப்பு எரிந்தது.

முதலில் நன்றாகத்தான் போனது. பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு. பரீட்சையில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி அமுக்கி அமுக்கி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிறகு அந்தப் பெண், "இனி மெல்லிய சத்தம் அங்கிள், கீச்சுன்னு வரும்" என்று சொல்லி ஒரு குமிழைத் திருகினாள். பச்சை எரிந்தது. சிவப்பு எரியவில்லை. மறுபடியும் பச்சை. கொஞ்சம் கூட்டினாள். பச்சை. அடுத்த காதுக்கு மாற்றினாள். பச்சை. அமுக்கு, அமுக்குடி என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்குத் தொண்டை வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே அவள் கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்தபடி பொறுமையாகக் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, கதவைத் தள்ளித் திறந்துகொண்டு சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள். மெஷினில் பச்சை விளக்கு இன்னும் எரிந்து எரிந்து அணைந்துகொண்டிருந்தது.

"முடிஞ்சிருச்சு, அவ்ளோதானே? இதுக்காங்க என்னை இவ்ளோ நாளாப் பயமுறுத்தினீங்க?" என்றாள்.