இறங்க மறுத்த முட்டி

ஏறுவதில் அவருக்கு அவ்வளவு சிக்கல் இல்லை. இறங்குவதில்தான் எல்லாச் சிக்கலும். இதை அவர் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை.

வேலையிடத்தில் அவரைக் கிரேன்காரர் என்பார்கள். எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தின் பக்கத்தில், அதையும் தாண்டிய உயரத்தில் நின்றது அவருடைய கிரேன். அதன் உச்சியில் ஒரு கேபின். ஒரு நாற்காலி, இரண்டு பிடிகள், சுற்றிலும் கண்ணாடி, அவ்வளவுதான். அங்கே போக லிஃப்ட் கிடையாது. இரும்புச் சட்டங்களுக்கு நடுவே செங்குத்தாக ஓர் ஏணி. இடையிடையே நின்று மூச்சு வாங்க இரும்புத் தளங்கள். இருபது வருஷத்துக்கு மேலாக இப்படிப்பட்ட ஏணிகளில்தான் அவர் வேலைக்குப் போய் வந்தார். மேலே போய் உட்கார்ந்துவிட்டால் அவர் ராஜா. டன் கணக்கில் கம்பியைத் தூக்கிவந்து, தூங்குகிற குழந்தையைப் படுக்கவைப்பதுபோலத் தளத்தில் இறக்குவார்.

வலது முட்டி முதலில் சத்தம்தான் போட்டது. மடக்கினால் மணலை மெல்வதுபோல நறநற என்றது. பிறகு காலையில் விறைக்க ஆரம்பித்தது. கட்டிலில் இருந்து எழுந்தால் உடனே நடக்க வராது. சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைத்தால் இளகும். சாயங்காலம் முட்டியின் உள்பக்கம் லேசாக வீங்கியிருக்கும்.

அவர் மனைவி சலவைக்கடை ஒன்றில் துணிக்கு இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறவளுக்குக் காலைப் பற்றித் தெரியாதா?

“என்னங்க, நாற்காலியில இருந்து எழுந்திரிக்க ரெண்டு கையையும் ஊன்றீங்க. ஒரு டாக்டரைப் பார்க்கலாம்ல?”

“ஐம்பதைத் தாண்டினா அப்படித்தான். நீ மட்டும் குமரியா?”

“நான் குமரியா கிழவியான்னு அப்புறம் பேசலாம். நான் மண்ணுல நிக்கிறேன். நீங்க எங்க நிக்கிறீங்கன்னு நினைச்சுப் பாருங்க.”

அவர் வலி மாத்திரையை விழுங்கிவிட்டுக் கிளம்பிவிடுவார். டாக்டரிடம் போனால் ஏணி ஏறக் கூடாது என்று எழுதிக் கொடுப்பார். எழுதிக் கொடுத்தால் கம்பெனிக்குத் தெரியும். தெரிந்தால் கேபின் போய்விடும். கேபின் இல்லாத தன்னை அவருக்குக் கற்பனை செய்யவே வரவில்லை.

அதனால் அவரே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். முட்டிக்கு வேலை கொடுக்காமல் இருந்தால் தேறிவிடும் என்று நினைத்தார். மத்தியானம் இறங்குவதை நிறுத்தினார். காலையில் ஒருமுறை ஏற்றம், சாயங்காலம் ஒருமுறை இறக்கம். இடையில் நாற்காலியைவிட்டு எழுவதே இல்லை. இறங்க வேண்டி வருமே என்று தண்ணீரையும் குறைத்தார். சாப்பாடு கிரேன் கொக்கியில் தொங்கி மேலே வந்தது. இது விதிக்கு விரோதம். ஆனால் கீழே நின்று கைகாட்டுகிற ஆள் அவருக்கு நெருக்கமானவன். தொண்டை கணீரென்று இருப்பதால் அவனுக்கு வெண்கலம் என்று பெயர்.

“அண்ணே, சாப்பாடு கிளம்பிடுச்சு. சாம்பார் சிந்தினா என்னைத் திட்டாதீங்க, உங்க கையைத் திட்டுங்க” என்பான் வாக்கி டாக்கியில்.

“என் கையில சிந்தாதுடா. உன் வாயிலதான் சிந்தும்.”

ஆபத்தில்லாத விளையாட்டுபோலத்தான் இருந்தது. ஆனால் மாதங்கள் போகப் போக முட்டி தேறவில்லை. சாயங்காலம் நாற்காலியில் இருந்து எழுவதே பெரும்பாடாகிவிட்டது. இன்னும் ஓய்வு போதவில்லை என்று எண்ணி, அவர் இன்னும் அசையாமல் உட்கார்ந்தார்.

அந்தச் சமயத்தில்தான் பாதுகாப்பு அதிகாரியாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். எல்லோருக்கும் அவள் மேடம். உயரத்தில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் உடல் பரிசோதனை என்று சொல்லிவிட்டாள். கிரேன்காரரைப் பார்த்து நேராகவே கேட்டாள்:

“உங்களுக்கு மூட்டு வலி ஏதாவது இருக்கா?”

“எனக்கா? ஓட்டப்பந்தயம் வைங்க மேடம், ஜெயிச்சுக் காட்டுறேன்.”

அவள் சிரிக்கவில்லை. அவர் கால்களையே ஒரு கணம் பார்த்துவிட்டுப் போனாள்.

பரிசோதனைக்கு முன்பே காற்று வந்துவிட்டது.

மத்தியானம்வரை வானம் வெளுப்பாகத்தான் கிடந்தது. பிறகு தூரத்துக் கூரைகளின்மேல் புழுதி எழும்புவது அவருக்குத் தெரிந்தது. கேபினில் இருக்கும், காற்றின் வேகத்தை அளக்கும் காற்றுமானி ஒரு முறை கத்தியது, அடங்கியது, மறுபடி கத்த ஆரம்பித்து நிற்கவே இல்லை.

“அண்ணே, கம்பியை இறக்கிட்டு வந்துடுங்க. மேடம் நிறுத்தச் சொல்றாங்க.”

அவசரப்படாமல் கம்பிக் கட்டை இறக்கினார். கொக்கியை மேலே இழுத்தார். காற்று எந்தப் பக்கம் தள்ளினாலும் கிரேனின் நீண்ட கை அந்தப் பக்கமே திரும்பிக்கொள்ளட்டும் என்று பிரேக்கை விடுவித்தார். எதிர்த்து நின்றால் கிரேன் சாயும், விட்டுக்கொடுத்தால் நிற்கும். அதுவரை எல்லாம் அவர் கையில் இருந்தது. எழுந்து நின்றபோதுதான் வலது கால் தன்னுடையதாக இல்லை என்று தெரிந்தது.

காலையில் இருந்து மடங்கியே கிடந்த முட்டி நிமிர மறுத்தது. தேய்த்தார், குத்தினார். மாத்திரையின் வேகம் எப்போதோ அடங்கிவிட்டிருந்தது. கதவைத் திறந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. இடுப்புப் பட்டையின் கொக்கியை மாட்டிக்கொண்டு ஏணியில் காலை வைத்தார்.

முதல் தளம்வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த தளத்துக்கு நடுவழியில், இடது காலைக் கீழே இறக்குவதற்காக உடம்பின் பாரம் முழுவதையும் வலது முட்டியில் ஏற்றி மடக்கியபோது, அது சட்டென்று விட்டுவிட்டது. கை இரண்டும் கம்பியை இறுக்கிக்கொண்டன. பட்டை இடுப்பை வெட்டியது. இடது கால் துழாவித் துழாவி ஒரு படியைப் பிடித்தது.

கிரேன் முனகியது. தலைக்குமேல் அந்த நீண்ட கை மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

“அண்ணே, ஏன் நின்னுட்டீங்க?”

“சும்மாதான். வேடிக்கை பார்க்கிறேன்.”

“இந்தக் காத்துல என்ன வேடிக்கை? இறங்குங்கண்ணே!”

அந்த அலைவரிசையில் வேலையிடமே காதை வைத்திருந்தது. மேடமும்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இத்தனை நாள் மறைத்தது பொட்டென்று உடைந்துவிடும். சொல்லாவிட்டால்? கை எவ்வளவு நேரம் தாங்கும்? விரல்கள் ஏற்கெனவே வழுக்கத் தொடங்கியிருந்தன. மழையின் முதல் துளிகள் கம்பியில் பட்டுத் தெறித்தன. இன்னொரு படி இறங்கிப் பார்க்கலாம் என்று வலது முட்டியை மடக்கினார். கண் இருட்டிக்கொண்டு வந்தது.

தோளில் மாட்டியிருந்த வாக்கி டாக்கியின் பொத்தானைத் தாடையால் அழுத்தினார்.

“முட்டி பிடிச்சுக்கிச்சு. என்னால இறங்க முடியல.”

ஒரு கணம் வெறும் இரைச்சல். பிறகு வெண்கலத்தின் குரல், ஆனால் அதில் கணீர் இல்லை.

“எந்த முட்டி?”

“வலது.”

“சரி, கேளுங்க. வலது காலை முதல்ல கீழ்ப்படியில வைங்க. அதை மடக்கவே கூடாது, நீட்டி வைங்க. மடங்குறது இடது முட்டியா இருக்கட்டும். அப்புறம் இடதையும் அதே படிக்குக் கொண்டாங்க. ஒரு படியில ரெண்டு காலும் சேர்ந்த பிறகுதான் அடுத்த படி.”

“யார்றா சொன்னது இதை?”

“எங்க மாமியாருக்கு டாக்டர் சொல்லிக் குடுத்தது. அதுக்கும் இதே முட்டிதான். வீட்டு மாடியில இருந்து இப்படித்தான் இறங்கி வந்து என்னைத் திட்டும். இறங்குங்கண்ணே.”

வலதை நீட்டி வைத்தார். இடது மடங்கியது, தாங்கியது. இடதைப் பக்கத்தில் சேர்த்தார். இன்னொன்று. அது நடை இல்லை, தவழ்வதைப்போல ஏதோ ஒன்று. கொக்கியைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் காற்று அவரைச் சட்டத்தோடு சேர்த்து அடித்தது. தளம் வந்ததும் குந்தப் பார்த்தார்.

“உட்காராதீங்க” என்றது இப்போது மேடத்தின் குரல். “உட்கார்ந்தா மறுபடி விறைச்சுக்கும். நின்னபடி காலை ஆட்டிக்கிட்டே மூச்சு வாங்குங்க. அவசரம் வேண்டாம்.”

மண்ணில் கால் பட்டபோது அவர் சட்டை மழையில் நனைந்ததா வியர்வையில் நனைந்ததா என்று தெரியவில்லை. வெண்கலம் ஓடி வந்து அக்குளில் கைகொடுத்துத் தாங்கினான்.

“வெறும் தசைப்பிடிப்பு மேடம்” என்றான் முந்திக்கொண்டு. “வெந்நீர் ஒத்தடம் குடுத்தா சரியாயிடும். நம்ம அண்ணன் சிங்கம்.”

மேடம் அவனைப் பார்க்கவில்லை. கிரேன்காரரைத்தான் பார்த்தாள். ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். தப்பிக்க வழி திறந்தே இருந்தது.

“பிடிப்பு இல்ல மேடம்” என்றார். “முட்டிதான். ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. மாத்திரை போட்டுக்கிட்டு ஏறுறேன். மத்தியானம் இறங்குறது இல்ல.”

“அப்ப சாப்பாடு?”

வெண்கலம் திடீரென்று வானத்தைப் பார்த்தான்.

“கொக்கியில வரும்” என்றார் அவர்.

அன்றோடு அவரைக் கேபினில் இருந்து எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அது அதைவிட மோசமாக இருந்தது.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். முட்டியில் வெளிப்பக்கம் எலும்புகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தது. உள்பக்கம் நெருங்கிக் கிடந்தது.

“காலையில விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கும்?”

“ஒரு காபி குடிக்கிற நேரம். அப்புறம் விட்டுடும்.”

“முட்டி கொதிக்கிற மாதிரி சூடாகி, சிவந்து, காய்ச்சல் வந்திருக்கா?”

“இல்ல.”

“மூட்டுத் தேய்மானம். தேய்ஞ்சது திரும்ப வளராது. ஆனா இதோட நல்லா வாழலாம். வலியை மாத்திரையால மறைச்சுக்கிட்டு ஏணி ஏறுறதை மட்டும் விட்டுடுங்க. எடையைக் கொஞ்சம் குறைங்க. பயிற்சிக்கு அனுப்புறேன்.”

பயிற்சி சொல்லிக்கொடுக்கிற அம்மாள் ஒரு நாடாவை எடுத்து அவருடைய இரண்டு தொடைகளையும் அளந்தாள். வலது தொடை மெலிந்திருந்தது.

“முட்டிக்கு ஓய்வு குடுத்தீங்களோ?”

“நாள்பூரா.”

“முட்டியைத் தாங்குறது தொடைதான். அதைப் பட்டினி போட்டுட்டு முட்டியைப் பத்திரமா வச்சிருக்கேன்னு நினைச்சிருக்கீங்க.”

அவருக்குச் சுருக்கென்றது. ஏணிக்கு அல்ல, நாற்காலிக்கே அவர் பயந்திருக்க வேண்டும்.

அதன்பிறகு தரையில் வேலை. சரக்கு வண்டிகளுக்கு வழிகாட்டினார். மேலே வேறொருவர் கம்பியை ஆட்டி ஆட்டி இறக்குவதைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தார். காலையும் மாலையும் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடித்தார். கை ஊன்றாமல் எழுந்து உட்கார்ந்தார். மனைவி இஸ்திரி வாசனையோடு வந்து எதிரில் நின்று எண்ணுவாள். இடையில் எண்ணிக்கையைத் தவறவிட்டு, “மறந்துட்டேன், முதல்ல இருந்து” என்பாள். வேண்டுமென்றே செய்கிறாளோ என்று அவருக்குச் சந்தேகம். சில நாள் வீக்கம் வந்தது. அன்று குறைத்துச் செய்தார், அடியோடு நிறுத்தவில்லை. இனி மேலே போகவே முடியாதோ என்ற எண்ணம் மட்டும் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

டாக்டர் ஏறிப் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்த பிறகு, மேடம் ஒரு காலையில் அவரை ஏணியடிக்கு அழைத்தாள். காற்று இல்லை. அன்று மாத்திரையும் போடவில்லை.

ஏறினார். ஒவ்வொரு தளத்திலும் நின்று, காலை ஆட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார். கேபின் கதவைத் தொட்டுவிட்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பினார். இறக்கத்தில் பாதி வழியில் முட்டியின் உள்பக்கம் ஊசி ஏறியது. கீழே நின்ற மேடமும் வெண்கலமும் அண்ணாந்து பார்த்தார்கள். வேகமாக இறங்கிக் காட்டிவிடு என்று பழைய மனசு உந்தியது. அவர் நின்றார். வலி அடங்கும்வரை நின்றார். பிறகு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினார்.

“வலிச்சுதா?” என்றாள் மேடம்.

வெண்கலம் வாயைத் திறந்தான். என்ன நினைத்தானோ, மூடிக்கொண்டான்.

“வலிச்சுது” என்றார். “இறங்குறப்ப, பாதி வழியில. நின்னேன், விட்டுச்சு. நாளைக்கும் வலிக்கும்னுதான் நினைக்கிறேன்.”

அவள் ஏணியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.

“அரை நாள் மட்டும். மத்தியானம் இறங்கியாகணும். காத்து வரும்னு தெரிஞ்ச அன்னைக்கு ஏறவே கூடாது. கால் சரியில்லாத அன்னைக்கு நீங்களே வந்து சொல்லணும். ஒரே ஒரு தடவை மறைச்சாலும் அதோட சரி. சம்மதமா?”

அரை நாள். முழு ராஜாவாக இருந்தவருக்கு இனி பாதி ராஜ்ஜியம்தான்.

“சம்மதம்.”

மேடம் கேபின் சாவியை நீட்டினாள். அவர் வாங்கினார். திரும்பி நடந்தபோது வலது கால் லேசாக நொண்டியது. அதை மறைக்க அவர் முயலவில்லை.